விழப்போகும் பல்லுக்கு ஏன் இத்தனை கவலை?



மூன்று வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தையைச் சில மாதங்களுக்கு முன் எங்கள் குழந்தை நலப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். இரண்டு நாட்களாகச் சோறு இறங்கவில்லை. இரவில் உறக்கம் இல்லை. வலப்பக்கக் கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. பொன்னுக்கு வீங்கி என்று கருதிய பாட்டி, வழக்கப்படி பேத்தியின் கழுத்தில் பொன் சங்கிலி அணிவித்திருந்தார். வாயைத் திறந்து பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஈறோரம் வரை கரைந்திருந்தன. கடைவாய்ப் பல் ஒன்றின் அடியில் சீழ் கட்டியிருந்தது.

"பால் பல்தானே டாக்டர், விழுந்து முளைக்கும் என்று இருந்துவிட்டோம்" என்றார் தந்தை. "தினமும் காலையில் அவளே பல் தேய்த்துக்கொள்வாளே" என்றார் பாட்டி, நம்ப முடியாதவராக.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். படித்தவர், படிக்காதவர், வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. குழந்தையின் மீது அன்பு குறைந்தவர்கள் சொல்லும் சொற்களும் அல்ல இவை. எனினும் முதல் வாக்கியம் தவறானது. இரண்டாவது வாக்கியம், எங்கள் கருத்தில், முதலாவதைவிடப் பெரிய தவறு. ஏன் அவ்வாறு கருதுகிறோம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பால் பல் செய்யும் பணி

குழந்தைக்குப் பொதுவாக ஆறாம் மாதத்தை ஒட்டி முதல் பல் முளைக்கிறது. இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் முளைத்துவிடுகின்றன. ஆறு வயதை ஒட்டி முன்பற்கள் விழத் தொடங்குவதைக் காணும் நாம், எல்லாப் பால் பற்களும் அப்போதே விடைபெறுவதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. "விழப்போகும் பல்" என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் அந்தப் பல், ஏறத்தாழ ஒன்பது பத்து ஆண்டுகள் உழைக்க வேண்டிய பல்.

அந்த ஆண்டுகளில்தான் குழந்தை மென்று உண்ணக் கற்கிறது. சொற்களைத் திருத்தமாக ஒலிக்கக் கற்கிறது. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் பால் பல்லே. கடைவாய்ப் பால் பல்லை உரிய காலத்துக்கு முன்பே இழந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குள் சாய்கின்றன. பின்னர் வரும் நிரந்தரப் பல், இடம் இன்றிக் கோணலாக முளைக்கிறது. பால் பல்லின் வேரடியில் நீடிக்கும் சீழ், அதன் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலையும் பாதிக்கக்கூடும்.

இன்னொரு செய்தியும் பெற்றோர் அறிய வேண்டியது. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பல் வரிசையின் பின்கோடியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஓசையின்றி முளைக்கிறது. பலரும் அதையும் பால் பல் என்றே எண்ணிக் கவனியாமல் விடுகின்றனர். அது போனால் மறுபடி முளைக்காது. பால் பல்லைப் பேணிப் பழகிய வீட்டில்தான் இந்தப் பல்லும் காப்பாற்றப்படுகிறது.

சொத்தை வரும் வழி

பல்லின் மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தில் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைக் கழுவி, இழந்த சத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. கரைவதும் சீராவதும் நாள் முழுவதும் மாறி மாறி நடக்கின்றன. இனிப்பு அடிக்கடி வாய்க்குள் சென்றால், சீராவதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம். உணவோடு ஒரு முறை உண்ணும் இனிப்பைவிட, மணிக்கொரு முறை கையில் திணிக்கும் பிஸ்கட் அதிகத் தீங்கு செய்யும்.

உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. இரவில் பல்லில் ஒட்டியிருக்கும் இனிப்பைக் கழுவ ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தைகளின் மேல் முன்பற்கள் முதலில் சிதைவது இதனால்தான். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் உடலுக்கு நல்லவை என்று கருதி அவற்றைப் பாலில் கலந்து தருவோர் உள்ளனர். பல்லைப் பொறுத்தவரை அவையும் சர்க்கரையே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. அதனால் கொடிய நச்சுநோய் வர வாய்ப்புண்டு.

தாய்ப்பாலைப் பற்றிய அச்சம் வேண்டாம். இரண்டு வயது வரையிலும் அதற்குப் பின்னும் தாய்ப்பால் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் பற்கள் முளைத்து, மற்ற உணவுகளும் தொடங்கிய பின், அந்த உணவின் மிச்சம் பல்லில் இருக்க, இரவு முழுவதும் விட்டு விட்டுப் பால் குடித்தால் சொத்தைக்கு வாய்ப்பு கூடுகிறது. பாலை நிறுத்துவது இதற்குத் தீர்வு அன்று. உறங்கும் முன் பல்லைத் துலக்குவதே தீர்வு.

பால் பல்லின் எனாமல் மெல்லியது; உள்ளே இருக்கும் நரம்புப் பகுதி பெரியது. எனவே பெரியவர்களுக்கு மெதுவாகப் பரவும் சொத்தை, குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே நரம்பை எட்டிவிடும். முதல் அறிகுறி கரும்புள்ளி அன்று. ஈறோரத்தில் தோன்றும், சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்கோடு. அந்த நிலையில் கண்டுகொண்டால் துளையிடாமலேயே சரிசெய்ய வாய்ப்புண்டு. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் அந்தக் கோடு தெரியும்.

பிரஷ் யார் கையில் இருக்க வேண்டும்?

இப்போது பாட்டியின் வாக்கியத்துக்கு வருவோம். "அவளே தேய்த்துக்கொள்வாள்" என்பதில் பெருமிதம் இருக்கிறது. குழந்தை தானே உண்பதும், தானே செருப்பு அணிவதும் நமக்கு மகிழ்ச்சி தருவது போலவே இதுவும். ஆனால் மூன்று வயதுக் குழந்தை பிரஷை வைத்து என்ன செய்கிறது என்று அருகில் அமர்ந்து ஒரு நாள் பாருங்கள். பற்பசையின் இனிப்பைச் சுவைக்கிறது, பிரஷைக் கடிக்கிறது, முன்பற்களின் மேல் நான்கைந்து முறை இழுக்கிறது. கடைவாய்ப் பற்களையும் பற்களின் உட்புறத்தையும் பிரஷ் தொடுவதே இல்லை. இது குழந்தையின் சோம்பல் அன்று. மணிக்கட்டைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் துலக்கும் திறன் அந்த வயதில் கைக்கு வருவதில்லை. ஏழு அல்லது எட்டு வயதில்தான் அது ஓரளவு கைகூடுகிறது.

பழக்குவது ஒரு வேலை. சுத்தம் செய்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் நாள்தோறும் "பல் தேய்த்த" குழந்தைக்கும் சொத்தை வருகிறது. குழந்தை தன் கையால் துலக்கிப் பழகட்டும். அதற்கென ஒரு முறை உண்டு. அது முடிந்ததும் பெரியவர் பிரஷை வாங்கி முழுவதும் துலக்கட்டும். ஏழு வயது வரை இந்த இரண்டாவது முறையை விடக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. மூன்று வயதுக் குழந்தையைத் தனியே குளிக்கச் சொல்லிவிட்டு நாம் அடுப்படிக்குச் செல்வதில்லை. பல்லுக்கும் அதே நியாயம்தான்.

காலையிலும் இரவிலும் என நாளுக்கு இரு முறை துலக்க வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் விரையும் காலையில் ஏதேனும் ஒரு நாள் குறைபட்டால் அது பொறுக்கத்தக்கது. இரவுத் துலக்கலை மட்டும் தவறவிடக் கூடாது. நம் வீடுகளில் பல் துலக்குதல் விடியற்காலைக் கடமையாகவே இருந்து வந்திருக்கிறது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் ஒடித்துப் பல் துலக்கிய முன்னோர் வழக்கமும் காலை வழக்கமே. ஆனால் மாலையில் ரஸ்க்கும் இரவில் இனிப்புப் பாலும் வந்துவிட்ட காலத்தில், இரவே முதன்மையான வேளை.

கூட்டுக் குடும்பத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அம்மா துலக்கியிருப்பார் என்று பாட்டி நினைப்பார். பாட்டி துலக்கியிருப்பார் என்று அப்பா நினைப்பார். ஆகவே இரவுத் துலக்கல் யாருடைய பொறுப்பு என்பதை வீட்டில் பேசி ஒருவரிடம் ஒப்படையுங்கள். சமையலும் மற்ற வேலைகளும் தாயின் தோளில் இருக்கும் வீட்டில், இந்த இரண்டு நிமிடப் பொறுப்பைத் தந்தை ஏற்றுக்கொள்வது நன்று.

முறை எளிது. குழந்தையை மடியில் படுக்க வைத்து, தலை உங்கள் வயிற்றோடு சாய்ந்திருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். இருவர் இருந்தால் எதிரெதிரே முழங்கால் தொட அமர்ந்து, குழந்தையை இருவர் மடியிலும் கிடத்தலாம். ஒரு விரலால் உதட்டை விலக்குங்கள். சிறிய தலையும் மென்மையான இழைகளும் கொண்ட பிரஷால், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சிறு வட்டங்களாகத் துலக்குங்கள். வெளிப்புறம், உட்புறம், கடைவாய்ப் பல்லின் மேற்புறக் குழிகள் எதையும் விட வேண்டாம். பல் முளைக்காத பருவத்தில் சுத்தமான ஈரத்துணியால் ஈறைத் துடைத்தாலே போதும்.

ஃபுளோரைடு கலந்த பற்பசையை முதல் பல் முளைத்தது முதலே பயன்படுத்தலாம். அளவுதான் முக்கியம்: மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரங்களில் பிரஷின் முழு நீளத்துக்கும் பிதுக்குவது குழந்தைக்கு உரிய அளவு அன்று. துப்பத் தெரியாத குழந்தை அரிசி மணி அளவை விழுங்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. துப்பத் தெரிந்த குழந்தை நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீர் ஊற்றிக் கொப்பளித்தால் ஃபுளோரைடின் பயன் குறைகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்வோர், பற்பசையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கரி, செங்கல் தூள், கரகரப்பான பல்பொடி ஆகியவை மெல்லிய எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பல்பொடி எந்த வயதினருக்கும் ஆகாது.

அழும் குழந்தையை என்ன செய்வது?

"வாயையே திறக்க மாட்டேன் என்கிறான்" என்பது நாங்கள் கேட்கும் அடுத்த முறையீடு. ஒன்றரை முதல் மூன்று வயது வரை எதற்கும் "வேண்டாம்" என்பதே குழந்தையின் முதல் விடை. அது வளர்ச்சியின் ஒரு பகுதி. முதலில், வாயில் புண்ணோ வலிக்கும் பல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். வலியால் மறுக்கும் குழந்தையை வற்புறுத்துவது முறையன்று. அப்படி ஒன்றும் இல்லையெனில், அவனுக்குச் சிறு தெரிவுகளைத் தாருங்கள்: சிவப்புப் பிரஷா, நீலப் பிரஷா? முதலில் பொம்மைக்கா, உனக்கா? கண்ணாடி முன் நீங்களும் துலக்குங்கள். பெரியவர்கள் இரவில் பல் துலக்காத வீட்டில் குழந்தை மட்டும் துலக்காது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பாட்டு என்று சில வாரங்கள் தொடர்ந்தால் எதிர்ப்பு தணியும்.

அதற்குப் பிறகும் சில நாட்கள் அழுகை இருக்கத்தான் செய்யும். தலை சீவும்போது அழுகிறது என்பதற்காகக் குழந்தையின் தலையைச் சீவாமலே விட்டுவிடுவதில்லை. மென்மையாக அணைத்துப் பிடித்து, பேசிக்கொண்டே, விரைவாகத் துலக்கி முடித்து, உடனே கொஞ்சுங்கள். அடிப்பதும் கத்துவதும் வேண்டாம். பல் துலக்குவதையே தண்டனையாக அது நினைவில் கொள்ளும். துலக்கினால் சாக்லேட் தருவதாகச் சொல்வதும் பொருந்தாது.

ஒரு வேண்டுகோள்: "பல் தேய்க்காவிட்டால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தக் குழந்தை ஒரு நாள் உண்மையான வலியுடன் எங்களிடம் வரும். அப்போது அது எங்களை நம்பி வாயைத் திறக்க வேண்டும்.

நீண்ட நாள் சிகிச்சையில் உள்ள குழந்தைகளுக்கு

இந்த இதழைப் படிப்போரில் பலர், நீண்ட காலம் மருந்து உட்கொள்ளும் குழந்தைகளின் பெற்றோர். அவர்களுக்குச் சில சொற்கள். குழந்தைகளுக்கான திரவ மருந்துகள் பலவற்றில் கசப்பை மறைக்கச் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. இரவு மருந்தைப் பல் துலக்கும் முன்பே தந்துவிட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடியாதெனில் மருந்துக்குப் பின் சிறிது நீர் அருந்தச் செய்யுங்கள். இரும்புச்சத்து மருந்தால் பல்லில் படியும் கருமை சொத்தை அன்று. அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம்.

பிறவியிலேயே இதயக் குறை உள்ள குழந்தைகளுக்குப் பல் சுத்தம் உயிரோடு தொடர்புடையது. சீழ் பிடித்த பல்லிலிருந்து நுண்ணுயிரிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தின் உட்சுவரைத் தாக்கக்கூடும். இது அரிது, வந்தால் கடுமையானது. இதய அறுவைக்கு முன் பற்களைப் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான். அப்போது சொத்தை கண்டறியப்பட்டால் அறுவையே தள்ளிப்போக நேரிடும். புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைகளுக்கும் வாயில் தோன்றும் தொற்று ஆபத்தானது. மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் நாட்களிலும் பிரஷ் உடன் இருக்கட்டும். எப்படித் துலக்குவது என்று செவிலியரிடம் கேளுங்கள்.

எங்கள் பங்கு

பெற்றோருக்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வது நேர்மை ஆகாது. தொடக்கத்தில் சொன்ன குழந்தை, ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தடுப்பூசிக்காக எங்களிடமே வந்திருந்தாள். எடை பார்த்தோம், உயரம் பார்த்தோம், நெஞ்சின் ஒலி கேட்டோம். மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிராது. நாங்கள் பார்க்கவில்லை. பல் என்பது பல் மருத்துவரின் வேலை என்று குழந்தை மருத்துவர்களாகிய நாங்களும், குழந்தை இன்னும் சிறியது என்று பெற்றோரும் காத்திருந்த இடைவெளியில் சொத்தை வளர்ந்துவிட்டது.

ஆகவே, தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் வாயையும் பார்த்து அட்டையில் குறிப்பதைக் குழந்தை மருத்துவர்கள் அனைவரும் வழக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. எங்கள் பிரிவில் அதைத் தொடங்கியுள்ளோம். கூட்ட நெரிசலில் நாங்கள் மறந்தால், "பல்லையும் பாருங்கள் டாக்டர்" என்று உரிமையோடு கேளுங்கள். முதல் பிறந்த நாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். வலி வந்தபின் செல்லும் முதல் வருகையைவிட, வலி இல்லாத நாளில் செல்லும் முதல் வருகை குழந்தைக்கு எளிது.

அந்தக் குழந்தைக்கு மயக்க மருந்து தந்து ஐந்து பற்களை அகற்ற வேண்டியதாயிற்று. அறுவை அரங்கின் வாசலில் அவளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை அவளுடைய பெற்றோர் எளிதில் மறக்கமாட்டார்கள். இப்போது நன்றாக உண்கிறாள், எடை கூடியிருக்கிறது. மறுபரிசோதனைக்கு அவளை அழைத்து வந்த பாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எப்படித் தேய்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு தடவை செய்து காட்டுங்கள்." காட்டினோம். அவர் பேத்தியை மடியில் கிடத்தி, எங்களைவிட நன்றாகவே துலக்கினார். அவளும் பாட்டியின் முகத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

இன்றிரவு உங்கள் குழந்தை உறங்கும் முன், நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெண்கோடு எதுவும் இல்லையெனில் மகிழ்ந்து, துலக்கிவிட்டு உறங்க வையுங்கள். இருந்தால் துலக்கிவிட்டு, நாளையே எங்களிடம் வாருங்கள்.